கடை வாசல் முதல் பில் வரை: மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர்களுக்காக குமரி மாவட்டக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பலசரக்குக் கடை, மருந்துக்கடை, டீக்கடை, ஓட்டல், ஜவுளிக்கடை, சிறு லாட்ஜ் நடத்துபவர்களுக்காக எழுதியது. அளவுகளை மில்லிமீட்டரில் கொடுத்திருக்கிறோம். கொத்தனாரிடம் பேச வசதியாகத் தேவையான இடங்களில் அடிக்கணக்கும் இருக்கிறது.

எங்கள் கடைக்கு மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதில்லையே, எதற்கு இதெல்லாம்?

வாசலில் இரண்டு படி இருக்கிற கடைக்கு சக்கர நாற்காலியில் யார் வருவார்கள்? வீட்டிலிருந்து ஆள் அனுப்பி வாங்குவார்கள், இல்லையென்றால் படி இல்லாத அடுத்த கடைக்குப் போவார்கள். இரண்டுமே உங்கள் கண்ணில் படாது. அதுவும் போக, சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் பலவற்றைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. காது கேளாதவர், பாதிப் பார்வை உள்ளவர், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை ஓடாதவர் எல்லோரும் ஏற்கெனவே உங்களிடம் சரக்கு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூட்டுவலி உள்ள முதியவர்களைச் சட்டம் தனியாகக் கணக்கெடுக்காது. ஆனாலும் வாசலில் கம்பி வைத்த மறுநாளே அதைப் பிடித்து ஏறுபவர்கள் அவர்கள்தான்.

தனியார் கடைக்கும் சட்டப்படி கட்டாயமா?

ஆம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் 'பொதுக் கட்டடம்' என்றே சொல்கிறது. வணிகக் கட்டடமும் அதில் அடக்கம். 44-ஆவது பிரிவின்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு வரைபட அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ கொடுக்கக் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க 45-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. அரசோ தனியாரோ, சேவை வழங்குபவர்களுக்கு 46-ஆவது பிரிவு தந்தது இரண்டு ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூனில் என்பதால் இரண்டு கெடுவும் முடிந்துவிட்டது.

2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. 2017 விதிகளின் 15-ஆவது விதி, கட்டாயமாக இருக்க வேண்டிய அளவுகளை வெறும் பரிந்துரை போல ஆக்கிவிட்டதால் அது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை மீறினால் 89-ஆவது பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

முதலில் எதில் கை வைப்பது?

சிமென்டில் இல்லை, டேப்பில். வண்டியோ ஆட்டோவோ நிற்கும் இடத்திலிருந்து கல்லா வரைக்கும், அங்கிருந்து திரும்பி வெளியே வரும் வரைக்கும் நடந்து ஒவ்வொரு தடையையும் அளந்து எழுதுங்கள்: ஓடை (சாக்கடை) சிலாப்பின் இடைவெளி, படியின் உயரம், ஷட்டர் கதவின் அகலம், உள்ளே மிகக் குறுகலான இடம், கவுண்டரின் உயரம். வழியில் ஓர் இடம் அறுந்தாலும் மற்ற செலவெல்லாம் வீண். அருமையான ராம்ப் (சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை) போட்டுவிட்டு, ஏறியதும் உள்ளே பிஸ்கட் ஸ்டாண்ட் வழிமறிக்கும் கடைகள் மார்த்தாண்டத்திலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு.

ராம்ப் எவ்வளவு நீளம் வேண்டும்?

உயரத்தைப் போல 12 மடங்கு. 150 மி.மீ. (அரை அடி) படி ஒன்றுக்கு 1800 மி.மீ., அதாவது 6 அடி. இரண்டு படிக்கு 12 அடி, மூன்று படிக்கு 18 அடி. அகலம் கைப்பிடிக்கு உள்ளே 1200 மி.மீ. இருக்கட்டும். ஏறி முடிந்ததும் 1500-க்கு 1500 மி.மீ. சமதளம் வேண்டும். ஷட்டர் போட்ட கடையில் கடையின் தரையே அந்தச் சமதளமாகிவிடும். வெளிப்பக்கம் திறக்கும் கண்ணாடிக் கதவு என்றால் சமதளம் இல்லாமல் தப்பவே முடியாது. சரிவில் நின்றபடி ஒரு கையால் கதவை இழுத்தால் நாற்காலி பின்னால் உருளும்.

சரிவைச் சோதிக்க போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். 1:12 (ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) என்பது 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. 7 டிகிரி காட்டினால் அது 1:8. தனியாக வருபவர் அதில் ஏற முடியாது.

பைக் ஏற்ற ஏற்கெனவே சரிவு போட்டிருக்கிறோம், அது போதாதா?

போதாது. பைக் சரிவு பெரும்பாலும் 1:4 அளவில் இருக்கும். எஞ்சின் ஏறிவிடும், கை ஏறாது. ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறங்கும்போது ஆள் முன்னால் சரிவார். செங்குத்தான ராம்ப் இருப்பதைவிட, நேர்மையான ஒரு படியும் கூப்பிட்டால் வரும் ஆளும் மேல். படியைப் பார்த்தவர் உதவி கேட்பார். ராம்ப்பைப் பார்த்தவர் நம்பி ஏறுவார்.

சாலை ஒட்டியே கடை, 12 அடிக்கு எங்கே போவது?

குமரி மாவட்டத்தின் முக்கியமான சிக்கலே இதுதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால், தண்ணீருக்குப் பயந்து அடித்தளத்தை உயர்த்தியே கட்டியிருப்பார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் நிலமே மேடும் பள்ளமுமாக இருப்பதால், ஒரே வரிசையில் முதல் கடைக்குப் படியே இருக்காது, கடைசிக் கடைக்கு ஐந்து படி இருக்கும்.

அந்த மேடுபள்ளத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். வரிசைக் கடைகளுக்கு முன்னால் பொது வராந்தா இருந்தால், சாலை எந்த முனையில் உயர்ந்திருக்கிறதோ அந்த முனையில் ஒரே ஒரு ராம்ப் போதும். எல்லாக் கடைக்கும் சமதளத்தில் போகலாம். கட்டட உரிமையாளரிடம் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் செலவும் பங்காகும். பிறகு யாரும் வராந்தாவில் ஐஸ்கிரீம் பெட்டியோ கேஸ் சிலிண்டரோ வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

இரண்டாவது வழி, சரிவைக் கடைக்கு உள்ளே கொண்டுபோவது. வாசல் பக்கத் தரையை 1200 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, உள்நோக்கி 1:12 சரிவாக ஏற்றுவது. ஒரு படி உள்ள கடைக்கு இது சரிப்படும். கொஞ்சம் இடம் போகும், ஆனால் சாலையில் ஓர் அங்குலம்கூட நீளாது. ஷட்டருக்கு அடியில் மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வாசலில் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே கிராதி போட வேண்டும்.

மூன்றாவது வழி பக்கவாட்டு வாசல். கடையின் பக்கச் சந்தில் இடம் இருந்தால் சுவரை ஒட்டி ராம்ப் போகலாம். அந்த வாசல் பூட்டியே கிடந்தால் பயனில்லை. முன்பக்கம் அம்புக்குறியுடன் பலகையும் தேவை.

ஓடைக்கு மேல் கட்டலாமா?

நிரந்தரமாகக் கட்டக் கூடாது. ஓடையும் அதற்கு அப்பாலுள்ள சாலையோரமும் உங்களுடையது அல்ல. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, நெடுஞ்சாலைத் துறை என யாருடைய ஓடையோ அவர்களிடம் அனுமதி வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 66 தக்கலை, மார்த்தாண்டம் ஊர்களுக்குள் போகும் இடங்களில் இதில் இன்னும் கவனம் தேவை. ஆக்கிரமிப்பு அகற்றும்போது ராம்ப்தான் முதலில் உடைபடும். ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடினால் தூர் வார முடியாது, அடுத்த மழைக்குத் தண்ணீர் உங்கள் கடைக்குள்தான் வரும். தூக்கி எடுக்கக்கூடிய சிலாப்பாகவோ கிராதியாகவோ போடுங்கள். கிராதியின் இடைவெளி 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். கம்பி நீளவாக்கில் ஓடினால் நாற்காலியின் முன்சக்கரம் அதில் இறங்கி மாட்டிக்கொள்ளும், ஊன்றுகோலின் முனையும் புதையும்.

ஒரு படிக்கு கான்கிரீட் ராம்ப் போட என்னென்ன வேண்டும்?

6 அடி நீளம், 4 அடி அகலம், மேல்முனையில் அரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பு வடிவக் கான்கிரீட்டின் கன அளவு சுமார் 6 கன அடி. 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மூட்டை சிமென்ட், இரண்டரை கன அடி எம்-சாண்ட், 5 கன அடி 20 மி.மீ. ஜல்லி. கீழ்முனைப் பள்ளத்துக்கும் சேர்த்து இரண்டு மூட்டை வாங்கினால் சரியாக வரும்.

வேலை வரிசை இப்படி:

1. கடைத் தரையிலிருந்து நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, ராம்ப் முடியும் இடத்தில் உண்மையான உயரத்தை அளந்து பாருங்கள். படியின் உயரத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். சாலையும் சரிந்திருக்கும், 150 என்று நினைத்தது 190 ஆகிவிடும்.
2. பழைய டைல்ஸ், சிமென்ட் பூச்சு எல்லாவற்றையும் கொத்தி எடுங்கள். வழவழப்பான பரப்பின்மேல் போட்ட கான்கிரீட் ஒரு மழைக்காலத்தில் பிரிந்து ஆடும்.
3. கீழ்முனையில் 100 மி.மீ. ஆழம், 150 மி.மீ. அகலத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டுங்கள். பெரும்பாலான ராம்ப்கள் கெடுவது இங்கேதான். கூராக முடிகிற விளிம்பில் கான்கிரீட்டுக்குக் கனமே இருக்காது. ஒரு சரக்கு வண்டி ஏறினால் உடைந்து, 30 மி.மீ. உதடு நிற்கும். சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரத்துக்கு அது ஒரு சுவர். பள்ளத்துக்குள் இறங்கி முடியும் கான்கிரீட் உடையாது.
4. சரக்கு வண்டி, பைக் ஏறும் இடம் என்றால் 8 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் வலையாகக் கட்டுங்கள்.
5. இரு பக்கமும் 75 முதல் 100 மி.மீ. உயர விளிம்பு கட்டுங்கள். சக்கரம் வெளியே இறங்காமல் தடுக்க இது.
6. கரணையால் மெழுகி வழவழப்பாக்கக் கூடாது. ஈரம் காயுமுன் தென்னந்துடைப்பத்தால் குறுக்குவாக்கில் ஒரு முறை இழுத்துவிடுங்கள். ஆழமான கோடு போடுவது வழக்கம்தான், ஆனால் நாற்காலி அதில் தடதடவென்று ஆடும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்த ஆட்டமே கால் நடுக்கத்தைக் கிளப்பும்.
7. ஈரச் சாக்கு போட்டு 7 நாள் நனைக்க வேண்டும். அதுவரை பலகை போட்டு வியாபாரம் நடத்துங்கள். மூன்றாம் நாளே பைக் ஏற்றினால் விளிம்பு போய்விடும்.

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில்?

இரண்டு வரிசை. ஒன்று 700–750 மி.மீ., இன்னொன்று 850–900 மி.மீ. ராம்ப் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 300 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும். முனை வெட்டப்பட்டு நீட்டிக்கொண்டிருக்காமல் வளைந்து கீழே இறங்கட்டும். குழாயின் விட்டம் 38 முதல் 45 மி.மீ., சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் எவர்சில்வர் குழாய் வாங்கும்போது விசாரித்து வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது 202 ரகம், உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்புள்ளி விழும். 304 கொஞ்சம் தாங்கும், கடலுக்கு மிக அருகில் 316 வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால், சூடான துத்தநாகத்தில் முக்கிய இரும்புக் குழாய் போட்டு, வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். துரு முதலில் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

எடுத்து வைக்கும் ராம்ப் போதுமா?

ஒரு படிக்குப் போதும், கடையில் ஆள் இருந்தால். உள்ளூர் அலுமினியப் பட்டறையில் செய்துகொள்ளலாம்: 1200 மி.மீ. நீளம், 800 மி.மீ. அகலம், 3 மி.மீ. புள்ளி போட்ட அலுமினியத் தகடு, அடியில் 40x20 பாக்ஸ் குழாய்ச் சட்டம், இரு ஓரமும் 50 மி.மீ. மடிப்பு, மேல்முனையில் படியைக் கவ்வும் உதடு, அடியில் ரப்பர். எடை சுமார் 12 கிலோ, ஒருவர் தூக்கலாம். வாங்கும்போது ஆறு சிமென்ட் மூட்டையை (300 கிலோ) நடுவில் அடுக்கி வளைகிறதா பாருங்கள். பேட்டரி நாற்காலியும் ஆளும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும்.

இதன் சரிவு 1:8. தனியாக ஏறுவதற்கு உதவாது, பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். சாலையிலிருந்து எட்டும்படி 900 முதல் 1100 மி.மீ. உயரத்தில் ஓர் அழைப்பு மணி வையுங்கள். ராம்ப்பை குடோனில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிடுவதும், அது எங்கே இருக்கிறது என்று முதலாளிக்கு மட்டும் தெரிந்திருப்பதும்தான் இதில் நடக்கும் வழக்கமான கூத்து.

ராம்ப் மேல் பைக் நிறுத்துகிறார்களே?

சக்கர நாற்காலிப் படம் வரைந்தால் பாதி குறையும். பைக்குக்கு வேறு இடத்தைக் கோடு போட்டுக் காட்டினால் மீதி. கம்பம் நட்டு அடைக்காதீர்கள், நாற்காலி போகும் இடத்தில் பைக்கும் நுழைந்துவிடும்.

ராம்ப் போட்டால் படியை எடுத்துவிடலாமா?

கூடாது. காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) மாட்டி நடப்பவர்கள், இளம்பிள்ளைவாதம் வந்தவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் பலருக்குச் சரிவைவிடப் படிதான் எளிது. சரிவில் முழங்கால் பூட்டிய கால் தடுமாறும். படி 150 மி.மீ. உயரம், 300 மி.மீ. அகலம், எல்லாப் படியும் ஒரே அளவு, இரு பக்கமும் கம்பி. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கைதான் ஓடும், ஏறும்போது பிடித்த பக்கம் இறங்கும்போது மறுபக்கமாகிவிடும். அதனால்தான் இரண்டு பக்கம். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் 50 மி.மீ. மஞ்சள் பட்டை அடித்தால் பாதிப் பார்வை உள்ளவருக்கு விளிம்பு தெரியும். முழுப்படியையும் மஞ்சளாக்கினால் பயன் போய்விடும்.

தரைக்கு எந்தக் கல், எந்த டைல்ஸ்?

வாசலில் பளபளக்கும் வெட்ரிஃபைட் டைல்ஸும் பாலிஷ் கிரானைட்டும் வேண்டாம். மழைநாளில் ஊன்றுகோலின் ரப்பர் முனை அதில் வழுக்கிக்கொண்டு போகும். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட், பார்க்கிங் டைல்ஸ், துடைப்பம் இழுத்த கான்கிரீட், மூன்றில் எதுவும் நல்லது. ஜூன் முதல் டிசம்பர் வரை வெயில் படாத வாசலில் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கட்டைத் துடைப்பத்தால் தேயுங்கள். ராம்ப்புக்கு மேல் ஒரு ஷீட் கூரை நீட்டினால் இந்த வேலை பாதியாகும். தடித்த கயிற்று மிதியடியை எடுத்துவிடுங்கள். சக்கரம் அதில் புதையும், ஊன்றுகோல் தடுக்கும்.

மூன்று, நான்கு சக்கர ஸ்கூட்டரில் வருபவர்களுக்கு என்ன செய்யலாம்?

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான் நம் ஊரில் சக்கர நாற்காலியைவிட அதிகம் கண்ணில் படுவது. வண்டிக்கு வண்டி அளவு மாறினாலும் அகலம் நான்கடி வரை வரும். வாசலுக்கு நேரே ஒரு வண்டி நிற்க இடம் விடுங்கள், மழையில் நனையாத பக்கமாக இருந்தால் நல்லது. ஓட்டிவருபவர் இறங்க விரும்பாவிட்டால் சரக்கை வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆனால் எல்லோருக்கும் அதையே வழக்கமாக்கி, "நீங்க ஏன் உள்ளே வர்றீங்க, அங்கேயே இருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். சேலையைத் தொட்டுப் பார்த்து எடுக்கவும், நேந்திரன் குலையைத் தட்டிப் பார்க்கவும் அவர்களுக்கும் ஆசை இருக்கும்.

கார் நிறுத்த இடம் உள்ள ஓட்டல், லாட்ஜ்களில் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் 3600-க்கு 5000 மி.மீ. அளவில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அகலம் கூடுதலாகக் கேட்பது, காரின் கதவை முழுக்கத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்துவதற்காக.

கடைக்குள் என்ன அளவு?

கதவு திறந்த நிலையில் 900 மி.மீ. வழி. வாசலின் நிலைப்படி 12 மி.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது. ரேக்குகளுக்கு நடுவே குறைந்தது 900, முடிந்தால் 1200. கடைசியில் நாற்காலி திரும்ப 1500 மி.மீ. வட்டம், இல்லாவிட்டால் வந்த வழியே பின்னால் போகும்படி இருக்கும். பலசரக்குக் கடையில் ரேக் சரியாகத்தான் இருக்கும், அதன் முன்னால் அடுக்கிய வெங்காய மூட்டைதான் வழியைத் தின்னும். தரையில் 900 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு பெயின்ட் அடித்து, கோட்டைத் தாண்டி எதுவும் வைக்கக் கூடாது என்று பையன்களிடம் சொல்லிவிடுங்கள். கன்னியாகுமரியில் சங்கு, சிப்பிப் பொருள் விற்கும் கடைகளில் தொங்கவிடும் தோரணங்கள் 2100 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் வெள்ளைக்கோல் அதைக் காட்டிக்கொடுக்காது, நேரே நெற்றியில் அடிக்கும்.

கவுண்டர் பொதுவாக 1050, 1100 மி.மீ. உயரம். நாற்காலியில் இருப்பவருக்கு அது முகத்துக்கு நேரே வந்து மறைக்கும். 900 மி.மீ. நீளத்துக்கு மட்டும் 750–800 மி.மீ. உயரத்துக்குத் தாழ்த்தி, அடியில் முழங்கால் போக இடம் விட்டால் போதும். உடைக்க முடியாவிட்டால் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள்.

ஜவுளிக்கடையில் ஓர் உடை மாற்றும் அறையை மட்டும் 1500-க்கு 1500 ஆக்கி, கதவுக்குப் பதில் திரை போட்டு, 450 மி.மீ. உயர பெஞ்சும் ஒரு கைப்பிடியும் வையுங்கள்.

டீக்கடை, ஓட்டலில்?

தரையோடு பதித்த பெஞ்சுதான் முதல் எதிரி. ஒரு மேசையின் ஒரு முனையிலாவது பெஞ்ச் இல்லாமல் விடுங்கள். மேசைக்கு அடியில் 700 மி.மீ. உயரம் இருந்தால் நாற்காலி உள்ளே போகும். கை கழுவும் தொட்டிகளில் ஒன்றைத் தாழ்வாக, அடியில் திறப்பாக வைத்து, முழங்கையால் தட்டித் திறக்கும் நீளப்பிடி குழாய் போடுங்கள். கை நடுங்குபவருக்குச் சூடான சாயா கண்ணாடிக் கிளாஸில் வேண்டாம். கைப்பிடி வைத்த கப்பில் முக்கால் அளவு ஊற்றி, உறிஞ்சுகுழலும் கேட்டுக் கொடுங்கள்.

பார்வையில்லாதவருக்கு இலை போட்டால் பரிமாறும்போதே சொல்லுங்கள்: "இடது ஓரத்துல உப்பு, அதுக்குப் பக்கத்துல ஊறுகாய், மேலே நடுவுல அவியல், வலது கைப்பக்கம் தண்ணி." சூடான எதையும் கையில் திணிக்காமல் மேசையில் வைத்து, வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

கழிப்பறை?

ஓட்டலுக்கும் லாட்ஜுக்கும் இது இல்லாமல் மற்ற எதுவும் முழுமையாகாது. உள்ளளவு 2200-க்கு 2000 மி.மீ. இருந்தால் நாற்காலி திரும்பும். கதவு 900 மி.மீ., வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகர வேண்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருக்கை 450–480 மி.மீ. உயரத்தில் இருந்தால் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் மாறலாம். ஒரு பக்கம் சுவரில் பதித்த கம்பி, மறுபக்கம் மேலே மடங்கும் கம்பி, இரண்டும் தரையிலிருந்து சுமார் 700 மி.மீ.

இங்கே இரண்டு இடத்தில் வேலை கெடும். ஒன்று, குழாய் மட்டத்துக்காகக் கழிப்பறைத் தரையையே அரை அடி தூக்கிவிடுவார்கள். வாசல்வரை ராம்ப், கழிப்பறையில் படி! தரைத்தளத்தில் தரைக்கு அடியில் பள்ளம் தோண்டியோ, சுவர் வழியே கழிவு போகும் பி-ட்ராப் கோப்பை வாங்கியோ தவிர்க்கலாம். மற்றொன்று, ஹாலோ பிளாக் சுவரில் வெறும் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்குருவும் போட்டுக் கம்பி மாட்டுவது. முழு உடல் எடையும் அதில் தொங்கும்போது பிளக்கோடு கழன்று வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடுங்கள். கட்டி முடித்தபின் அந்த அறையைத் துடைப்பம், வாளி வைக்கும் இடமாக்கிவிடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்வையில்லாதவர் பணம் கொடுக்கும்போது எப்படி நடந்துகொள்வது?

மீதிப் பணத்தை ஒவ்வொரு நோட்டாக, தொகையைச் சொல்லிக் கையில் கொடுங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளின் இரு ஓரங்களிலும் தடவித் தெரிந்துகொள்ளும் சாய்கோடுகள் உண்டு. 100-க்கு 4, 200-க்கு 4 கோடும் நடுவில் 2 வட்டமும், 500-க்கு 5. நோட்டு பழசானால் கோடு தேய்ந்துவிடும், அதனால் கசங்கிய நோட்டைத் தள்ளிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' என்ற செயலி நோட்டைக் கேமராவில் பார்த்து மதிப்பைக் குரலில் சொல்லும், இணையம் இல்லாமலும் ஓடும். அவர் நோட்டைப் போன் முன்னால் பிடித்தால் பொறுமையாக இருங்கள், உங்களைச் சந்தேகப்படவில்லை.

யுபிஐ பணத்துக்கு, வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லும் குரல்பெட்டி அவருக்கு நல்ல துணை. கியூஆர் அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டாமல் கையில் எடுத்து நீட்டும்படி வையுங்கள். கார்டு இயந்திரம் பட்டன் இல்லாத தொடுதிரை என்றால் அவரால் ரகசிய எண் அழுத்த முடியாது. "நம்பரைச் சொல்லுங்க, நான் போடுறேன்" என்பது மட்டும் ஒருநாளும் வேண்டாம், வேறு வழியில் வாங்குங்கள்.

விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள். போனில் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும், பட்டியலின் போட்டோவைச் சரியாகப் படிக்காது.

காது கேளாதவரிடம்?

சத்தம் போடாதீர்கள், முகம் பார்த்து இயல்பாகப் பேசுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் படட்டும். பின்னால் டியூப்லைட் எரிந்தால் உதடு தெரியாது. கல்லாவில் பேனாவும் காகிதமும், தொகையைத் திருப்பிக் காட்ட கால்குலேட்டரும் போதும். டோக்கன் கூப்பிடும் கடையில் எண் காட்டும் பலகை இல்லாவிட்டால், அவருடைய முறை வந்ததும் கையசைத்துக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கடையில் கூடுதலாக என்ன?

தவறு நடந்தால் உயிரே போய்விடக்கூடிய கடை என்பதால் வாய்ச்சொல்லோடு நிறுத்தக் கூடாது. காது கேளாதவருக்குக் காலை, மதியம், இரவு என்று எழுதிக் கொடுத்து, அவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பார்வையில்லாதவருக்கு ஒவ்வொரு அட்டையையும் வேறுபடுத்த வேண்டும்: காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர்பேண்ட், இரவுக்கு இரண்டு. எந்த அடையாளம் வசதி என்று அவரையே கேட்டுச் செய்யுங்கள், பலரிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கும். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள பக்கத்தை வெட்டிவிடாமல், தேதியை வாய்விட்டுப் படியுங்கள். நோயின் பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லாதீர்கள்.

கடை மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை.

கீழே ஒரு பலகை, அதில் போன் எண், ஓர் அழைப்பு மணி, இறங்கிவர ஓர் ஆள், உட்கார்ந்து பேச தரைத்தளத்தில் ஒரு மேசை. சீட்டு, காப்பீடு, கணக்கு அலுவலகங்களுக்கு இது ஓடும். மருத்துவமனைக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் ஓடாது, அவை கீழே வர வேண்டும். நாற்காலியோடு ஆளைப் படியில் தூக்குவது ஆபத்து. பிடி நழுவினால் தூக்குபவர் முதுகும் போகும்.

எப்படிப் பேசுவது, எப்படி உதவுவது?

எல்லோரிடமும் பேசுகிற மாதிரி. அண்ணாச்சி, அக்கா, தம்பி என்றுதானே மற்றவரைக் கூப்பிடுகிறீர்கள்? அதுவே போதும். குறையைச் சொல்லிக் கூப்பிடுவது அநாகரிகம் மட்டுமில்லை, பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமதித்தால் அதே 2016 சட்டத்தின் 92-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம். துணைக்கு வந்தவரைப் பார்த்து "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள், வெள்ளைக்கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார்.

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்கு நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தமும் மின்னும் விளக்கும் தாங்காது. பண்டிகைக் காலத்தில் வாசலில் ஸ்பீக்கர் வைக்கும் கடைகள் கூட்டமில்லாத காலை நேரத்தில் அதை அணைத்து வைத்தால், அந்தக் குடும்பங்கள் அப்போது வந்து வாங்கிப் போகும்.

செய்த வேலை சரியா என்று யாரிடம் காட்டுவது?

பயன்படுத்துபவரிடம். உங்கள் பகுதியில் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஊன்றுகோலில் நடப்பவர், பார்வையில்லாதவர் என மூவரை அழைத்து, யாரும் உதவாமல் சாலையிலிருந்து உள்ளே வந்து ஒரு சோப்பு வாங்கிப் போகச் சொல்லுங்கள். ஒத்திகையை ராம்ப் போடுமுன் சுண்ணாம்புக் கோடு போட்டே நடத்திவிடலாம். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள், கொத்தனாருக்குக் கொடுக்கிறீர்கள்தானே. ஆட்களைத் தெரியாவிட்டால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடை முழுதும் தயாராகும் வரை வெளியே எதுவும் சொல்லாமல் இருப்பதா?

இல்லை, இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். கூகுள் மேப்பில் 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று டிக் அடித்துவிட்டு வாசலில் படி வைத்திருந்தால், களியக்காவிளையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர் திரும்பிப் போக வேண்டும். "ஒரு படி, 6 அங்குலம். எடுத்து வைக்கும் ராம்ப் உண்டு, மணி அடிக்கவும். உள்ளே வழி 900 மி.மீ. கழிப்பறை இல்லை" என்று வாசல் போட்டோவோடு எழுதுங்கள். தனக்கு ஒத்துவருமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.